ஒன்றுக்கு ஒன்று

எங்கள் அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. "நாணயத்தைப் புரிந்தவரே நாணயமானவர்" என்று அதில் தங்க எழுத்தில் எழுதியிருக்கும். மழைக்காலத்தில் அந்தத் தங்கம் கரைந்து படிக்கட்டில் மஞ்சளாக ஒழுகும். அதைத் துடைப்பது என் வேலை இல்லை, நான் சமையலறைக்காரி. ஆனாலும் நான்தான் துடைக்கிறேன். வேறு யாராவது துடைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி உத்தரவு வேண்டுமாம்.

என் பெயர் கெஸாங். எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கில் நாணயப் புரிதல் மையத்தைத் திறந்த நாளிலிருந்து அங்கே தேநீர் போடுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போனபோது எங்கள் ஊரே கலங்கிப் போனது. அரிசிப் பானைக்குள் ரூபாய் வைத்திருந்தவர்கள் பானையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்கள். எது காசு, எது காகிதம் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல, குழப்பம் தீரும்வரை ஒரு அலுவலகம் இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். குழப்பம் தீர்ந்துவிட்டது. அலுவலகம் மாடி கட்டிக்கொண்டது.

மாடி கட்டிய பிறகு அதற்கு வேலை வேண்டாமா? எல்லை தாண்டி வந்து மலைமேல் போகிற எல்லோரும் முதலில் எங்கள் நாணயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தது. புரிந்தது என்று எங்கள் மையம் அனுமதிச் சீட்டு கொடுத்தால்தான் ரிஞ்செண்டிங் சாவடியில் கம்பத்தைத் தூக்குவார்கள். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஒரு நுல்ட்ரமுக்கு அந்தப் பக்கத்து ஒரு ரூபாய். அவ்வளவுதான் விஷயம். அதையே சிலிகுரியிலிருந்து வந்த ஒரு கணக்காளர் சத்தமாகக் கேட்டார். அவரை மாடிக்கு அழைத்துப் போனார்கள். இறங்கி வந்தபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முழுப் புரிதல் அடைந்துவிட்டார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முழுப் புரிதல் அடைந்தவர் நாட்டின் கையிருப்பு ஆகிவிடுகிறாராம், கையிருப்பை யாராவது வெளியே விடுவார்களா? இப்போது அவர் கூடத்தின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். எங்கே போக வந்தீர்கள் ஐயா என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார், பிறகு ஒரு டோக்கன் நீட்டுவார். அவருடைய பை இன்னும் என் சாமான் அறையில்தான் இருக்கிறது. அதற்குள் ஏதோ ஒரு கம்பளிச் சட்டை பூசணம் பிடித்து நாறுகிறது. திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மையத்தின் தலைவர் லெக்‌ஷே ஜாம்ட்ஷோ. பெரிய மனிதர்கள் தோளில் போடும் சிவப்புத் துண்டு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கப் போகிறது என்பதால் இப்போதே எல்லோரும் அந்தத் துண்டுக்குரிய பட்டத்தோடு அவரைத் தாஷோ என்று அழைக்க வேண்டும். நானும் அழைக்கிறேன். வாயா தேய்ந்துவிடப் போகிறது?

சோம்ரா ஓராவ்னை எனக்கு முன்பே தெரியும். எல்லை வாசலுக்கு அந்தப் பக்கம் ஜெய்காவ் சந்தையில் பச்சைமிளகாய் விற்கிறவன். மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டு நான் ஏமா தத்ஷி செய்து இறக்கினால்தான் எங்கள் அதிகாரிகள் கோப்பைத் தொடுவார்கள், அதனால் தினமும் காலையில் அவனிடம் போய் நிற்பேன். நான் நுல்ட்ரம் கொடுப்பேன். அவன் அதை ரூபாயோடு சேர்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு, மீதியைக் கைக்கு வந்த நோட்டில் கொடுப்பான். அதில் அச்சடித்த டிராகன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு மழைக் காலையில் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். கூடை இல்லாததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"என்ன சோம்ரா, இங்க எங்க வந்தே?"

"தம்பிக்கு அடிபட்டுடுச்சு தீதி. மேல அணை வேலையில சுரங்கத்துக்குள்ள கல்லு சரிஞ்சு விழுந்திருக்கு. ஆஸ்பத்திரில போட்டிருக்காங்க. ரத்தம் வேணுமாம். அவனுக்கு ஏதோ அபூர்வ ரத்தமாம், என்னுதுதான் சேருமாம். மேஸ்திரி போன் பண்ணாரு."

"அப்ப ஓடு! இங்க ஏன் நிக்கறே?"

"சீட்டு இல்லாம கம்பத்தைத் தூக்க மாட்டேங்கறாங்க. நாணயம் புரிஞ்சிருக்கான்னு இங்க பாப்பாங்களாமே. நான் தினமும் வாங்குற நோட்டுதானே தீதி, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுமில்ல?"

நான் சிலிகுரிக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு டோக்கனைக் கிழித்துச் சோம்ராவிடம் நீட்டினார்.

முதல் அறையில் தொடு தேர்வு. தந்தின் என்ற எழுத்தர் அதை நடத்துவான். வருகிறவர் கண்ணைக் கட்டிவிட்டு, பட்டுத் துணி விரித்த தட்டில் ஒரு நோட்டை வைத்துத் தொடச் சொல்வான். நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனபோது சோம்ரா கண் கட்டோடு உட்கார்ந்திருந்தான். மிளகாய்க் காரம் ஏறிய அந்த விரல்கள் நோட்டைத் தடவிக்கொண்டிருந்தன.

"என்ன தோணுது?" என்றான் தந்தின்.

"நமுத்துப் போயிருக்கு சார்."

"நோட்டைக் கேக்கல. உனக்குள்ள என்ன தோணுது?"

சோம்ரா கண் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "பயமா இருக்கு சார்."

"பயம்" என்று எழுதிக்கொண்ட தந்தின் பக்கத்தில் ஒரு சரி போட்டான். "நல்ல ஆரம்பம். நிறையப் பேரு சந்தோஷம்னு சொல்லி மாட்டிக்குவாங்க."

அடுத்தது தாஷோவின் உரை. கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய நோட்டின் படத்துக்கு முன்னால் அவர் நிற்பார். வாய் நிறைய வெற்றிலை பாக்கு. அந்த வாயோடு அவர் பேசும்போது முன்வரிசைக்காரர்கள் அவ்வப்போது முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். புண்ணிய நீர் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நம்ம நோட்டும் அவங்க நோட்டும் ஒன்றுக்கு ஒன்று" என்று ஆரம்பித்தார். "கவனிங்க, ஒன்றுக்கு ஒன்றுன்னுதான் சொன்னேன். சமம்னு சொல்லல. சமம்னா ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிடும். ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் புரிஞ்சுக்க என்ன இருக்கு? புரிஞ்சுக்க ஒண்ணும் இல்லன்னா நான் எதுக்கு? இந்த மாடி எதுக்கு? அதனாலதான் சொல்றேன், இது ரொம்ப சிக்கலான விஷயம். மையம் திறந்த நாள்லேர்ந்து நான் இதைப் பத்திப் பேசறேன், எனக்கே இன்னும் பிடிபடல. எனக்கே பிடிபடாதது உங்களுக்குப் பிடிபட்டுச்சுன்னா, அது சந்தேகத்துக்கு இடமான விஷயம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கூடத்தின் கதவை ஏன் சாத்தினார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த டிராகன் நகத்துல பிடிச்சிருக்கே, அது என்ன? நீ சொல்லு" என்று சோம்ராவைக் கைகாட்டினார்.

"உருளைக்கிழங்குங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாட்டோட செல்வம்" என்றார் தாஷோ. "ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கு? ஒண்ணு வெளிய போனா ஒண்ணு உள்ள வரணும். வரலைன்னா விடாது."

"சாஹேப், தம்பிக்கு ரத்தம்…"

"ரத்தத்துக்கு மாற்று விகிதம் நம்ம துறை இல்லைப்பா. அது சுகாதாரம்."

உரை முடிந்ததும் தேறியவர்களை ஒவ்வொருவராக மேசைக்கு அழைப்பார்கள். தாஷோ எழுந்து நின்று, அனுமதிச் சீட்டை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டுவார். சோம்ராவின் முறை வந்தது. நான் வாசல் திரைக்குப் பின்னால் இருந்தேன், எச்சரிக்கச் சைகை காட்டுவதற்குள் காரியம் கெட்டுப் போனது. தாஷோ "எடுத்துக்கோ" என்றார். அவன் பாய்ந்து எடுத்துவிட்டான். எடுத்ததோடு நிற்காமல் "ரொம்ப நன்றி சாஹேப்" என்று வாசலைப் பார்த்து ஓடினான்.

வாசலில் இருந்த காவலாளி ஒரு காலை மட்டும் குறுக்கே வைத்தார்.

"பாத்தீங்களா?" என்றார் தாஷோ, வருத்தத்தோடு. "முதல் தடவை கேட்டதுமே எடுத்துட்டான். கொடுக்கறதை ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு நோட்டோட மரியாதை எப்படித் தெரியும்? இவனுக்குப் புரியல. நாளைக்கு வரச் சொல்லுங்க."

சமையலறைக்குள் கூப்பிட்டு அவனுக்குச் சூடாகத் தேநீர் கொடுத்தேன். அவன் சட்டென்று வாங்கிக்கொண்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இங்க யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கக் கூடாது. வாயைக் கையால மூடிக்கிட்டு 'மேஷு மேஷு'ன்னு சொல்லணும். வேண்டாம், வேண்டாம்னு அர்த்தம். ரெண்டு தடவை மறுக்கணும், மூணாவது தடவை வாங்கிக்கணும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எங்க தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல பசியோட வந்தவன் வேண்டாம்னு சொன்னா பானைய மூடி வெச்சுடுவாங்க தீதி."

"இங்க மூட மாட்டாங்க. மறுபடி கேப்பாங்க."

"கேக்கலைன்னா?"

நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். அப்போது அவன் செல்போன் அலறியது. மேஸ்திரியின் குரல் எனக்கும் கேட்டது. தம்பி சுக்ரா கண் விழித்துக் கேட்கிறானாம், அண்ணன் எந்த வளைவில் வந்துகொண்டிருக்கிறான் என்று.

சோம்ரா என் அடுப்பைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கெது ஊரைத் தாண்டிட்டேன்னு சொல்லுங்க. வண்டி மெதுவா ஏறுதுன்னு சொல்லுங்க."

மறுநாளும் மழை. மலையை மேகம் விழுங்கியிருந்தது, டோர்சா ஆற்றின் சத்தம் அலுவலகத்துக்குள் வரை கேட்டது. சோம்ரா கூடத்தின் ஓரத்தில் வாயைக் கையால் மூடி மூடிப் பழகிக்கொண்டிருந்தான். மறுபடி கண் கட்டு, மறுபடி பயம், மறுபடி டிராகன். இந்த முறை உருளைக்கிழங்கு என்று சொல்லவில்லை. கடைசியில் தாஷோ சீட்டை நீட்டினார்.

"எடுத்துக்கோ."

சோம்ரா வாயைப் பொத்தினான். "மேஷு மேஷு."

தாஷோவின் முகம் மலர்ந்தது. "எடுத்துக்கோப்பா."

"மேஷு மேஷு தாஷோ லா." லா என்ற மரியாதையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதைச் சொல்லும்போது அவன் கை சீட்டை நோக்கி நீள ஆரம்பித்திருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. தாஷோ சீட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "பிரமாதம். ரொம்ப அழகா மறுத்தான். மூணாவது தடவையை அடுத்த வேலை நாள்ல கேக்கறேன்."

"சாஹேப், இப்பவே ஒரு தடவை கேட்டுடுங்க சாஹேப். ஒரே ஒரு வார்த்தைதானே!"

"பாரு, இப்பத்தான் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அவசரப்படறே. அவசரப்படறவன் கையில காசு நிக்காது."

அடுத்த நாள் புனித மழை நாள். ஊர் முழுக்க விடுமுறை. பாவம் கரையட்டும் என்று எல்லோரும் வெட்டவெளியில் நின்று மழையில் குளிக்கிற நாள். தாஷோவும் குடும்பத்தோடு நின்று நனைந்தார். மையத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் சோம்ராவும் நனைந்துகொண்டு நின்றான், கதவு எப்போது திறந்தாலும் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இரண்டு தடவை மறுத்தான். அந்த நிலைமையிலும் மறுத்தான். மூன்றாவது தடவை கெஞ்சி வாங்க வைத்தேன்.

"மேஸ்திரி மறுபடி கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. சுகா ஊரையும் தாண்டிட்டேன்னு சொல்லிட்டேன் தீதி. இன்னும் என்ன ஊரு இருக்கு? பேரு சொல்லிக் கொடுங்க."

அடுத்து வருகிற ஊர்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டான்.

விடுமுறை முடிந்து மையம் திறந்தபோது வாசலில் புதிய அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. இரவோடு இரவாக யார் ஒட்டினார்கள் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. தாஷோ நல்ல உடை உடுத்தி, சிவப்பு இன்னும் வராததால் வெள்ளைத் துண்டையே நீட்டி மடித்துப் போட்டுக்கொண்டு வந்து அதைப் படித்து விளக்கினார்.

"நாணயத்தைப் புரிஞ்சுக்கறதுங்கறது நாணயம் மாதிரியே நடந்துக்கறது. இத்தனை நாளா நோட்டுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்றுன்னு வெச்சிருந்தோம். இனிமே ஆளுக்கும் அப்படித்தான். ஒருத்தர் உள்ள போகணும்னா, அதே மதிப்புள்ள ஒருத்தர் வெளிய வரணும். இல்லைன்னா நாட்டுல ஆளு வீங்கிப் போய் ஆளோட மதிப்பு விழுந்துடும். இதுல யாருக்கும் கஷ்டம் இல்ல. எனக்கு இல்லவே இல்ல."

பிறகு தந்தினைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் சமமான ஆள் மலைமேல் யார் இருக்கிறார் என்று தேடச் சொன்னார். பலருக்குத் தேடி அலுத்துப் போனார்கள். சோம்ராவுக்கு மட்டும் உடனே கிடைத்துவிட்டது. தந்தின் மகிழ்ச்சியில் சத்தமே போட்டுவிட்டான்.

"தாஷோ லா, இவனுக்கு அச்சு அசலாப் பொருந்துது! ஒரே தாய் வயிறு, ஒரே தோட்டம், ஒரே சாதி, ரத்தம்கூட ஒரே வகை! ஓராவ்ன் சுக்ரா. மேல ஆஸ்பத்திரில இருக்கான்."

"அருமை" என்றார் தாஷோ. "அவன் வெளிய வந்ததும் நீ உள்ள போகலாம்."

சோம்ரா அவரையே பார்த்தான். "அவனைப் பாக்கத்தான் சாஹேப் நான் உள்ள போகணும். நான் போகாம அவன் எப்படி எழுந்து வருவான்?"

"அது உங்க குடும்ப விஷயம்."

"அவனுக்கு ரத்தம் இல்லாம…"

"இங்க பாரு. நாங்க யாரையும் தடுக்கல. வாசல் திறந்துதான் இருக்கு. கணக்கு சரியானா போதும். உனக்காக இதைவிட நான் என்ன செய்ய முடியும், சொல்லு?"

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், கையில் தேநீர்த் தட்டோடு. அதைத் தாஷோவின் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. "சர்க்கரை போதுமா லா?" என்று கேட்டேன். அந்தக் கட்டடத்துக்குள் அப்படித்தான் வாய் வருகிறது.

அன்று முழுக்க சோம்ரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் போன் அடிக்கவில்லை. அடிக்காத போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சிலிகுரிக்காரர் மெல்ல நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். அவர் அப்படி இடம் விட்டதைப் பார்த்ததும் நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பிற்பகலில் தந்தினின் மேசையில் தொலைபேசி அடித்தது. ரிஞ்செண்டிங் சாவடியிலிருந்து. அவன் எழுந்து நின்று பேசினான், குறித்துக்கொண்டான், தாஷோவின் அறைக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு நீல வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி எல்லையை நோக்கி இறங்கியது. பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் போனில் பேசிய மேஸ்திரியாகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். வண்டியை யாரும் நிறுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை. கெது, சுகா என்று சோம்ரா பொய்யில் ஏறிய வளைவுகளிலெல்லாம் சுக்ரா மெய்யாகவே இறங்கி வந்துவிட்டான்.

தாஷோ கூடத்துக்கு வந்தார். இரண்டு கையிலும் சீட்டை ஏந்தியிருந்தார். முகத்தில் அவ்வளவு நிறைவு.

"ஓராவ்ன் சோம்ரா! உனக்குச் சமமானவர் வெளியேறிட்டார். உயிரோடயா இல்லையான்னு கேக்க நம்ம விதியில இடம் இல்ல, அதனால உனக்கு நல்லதாப் போச்சு. கணக்கு சரி. இந்தா, எடுத்துக்கோ. நீ உள்ள போகலாம்."

சோம்ரா எழுந்தான். வண்டி போன பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் கை தானாக உயர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது.

"வேண்டாம்" என்றான்.

தாஷோ எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாத்தீங்களா? கத்துக்கிட்டான். எடுத்துக்கோப்பா."

"வேண்டாம் சாஹேப்." விரல்களுக்கு நடுவில் ஒழுகியது கண்ணீர் என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ கை தட்டக்கூடச் செய்தார்கள்.

"இப்ப மூணாவது தடவை. வாக்குக் கொடுத்த மாதிரியே கேக்கறேன். எடுத்துக்கோ."

"வேண்டாம்."

மூன்றாவது தடவை மறுத்தால் என்ன செய்வதென்று எந்த விதியிலும் இல்லை. தாஷோவின் கைகள் நீட்டியபடியே நின்றன. சோம்ரா இடுப்புப் பையை அவிழ்த்தான், அதில் இருந்த எங்கள் நோட்டுகளை, மிளகாய் வாடை அடிக்கிற கசங்கிய நோட்டுகளை, மேசைமேல் வைத்தான்.

"இதையும் வெச்சுக்கோங்க. எனக்குப் புரியல சாஹேப். இனிமே புரியவும் வேண்டாம்."

வண்டி போன வழியே இறங்கி நடந்தான். இந்த முறை காவலாளி காலை எடுத்துக்கொண்டார். தாஷோ மேசையைக் குனிந்து பார்த்தார். ஒரு நோட்டில் டிராகன் தலைகீழாக இருந்தது. தந்தினைக் கூப்பிட்டு அதை நேராக வைக்கச் சொன்னார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. "ஒருத்தர் வெளிய போயிட்டாரே, அடுத்த ஆள் உள்ள போகலாம், மணியை அடி" என்றார். மணி அடித்தது. வரிசையில் அடுத்து இருந்தவர், கல்யாணமான புதிதில் மனைவியோடு மலை பார்க்க வந்த ஒரு பையன், கூப்பிடுவதற்கு முன்பே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றான்.

சோம்ரா இப்போதும் ஜெய்காவில் மிளகாய்தான் விற்கிறான். நானும் போய் நிற்கிறேன். மிளகாயை எப்போதும்போல நிறைத்துக் கொடுக்கிறான். நான் நோட்டை நீட்டினால் கையால் வாயை மூடிக்கொண்டு, "வேண்டாம் தீதி" என்கிறான். மறுபடி நீட்டினாலும் வேண்டாம் என்கிறான். மூன்றாவது தடவை நீட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை.